எண்ணப்படும் பறவை

திருவண்ணாமலையில் ஒரு நாள் சுற்றினால், சட்டத்தின் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரியும் நான்கு பறவைகளைப் பார்த்துவிடலாம். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தின் கூரை மேலும் மரத்தடியிலும் மயில்கள். மயில் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது. அதைக் கொன்றால் சிறை. இரண்டாவது கிளி. இந்த ஊர்க் கோயிலில் கிளிக்கென்று ஒரு கோபுரமே உண்டு; அருணகிரிநாதர் கிளியுருவில் வந்து அமர்ந்த இடம் என்பது ஊர் நம்பிக்கை. ஆனால் அதே கிளியைக் கூண்டில் வைத்துச் சீட்டெடுக்கச் சொல்வது குற்றம். 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூரில் ஒரு வேட்பாளர் ஜெயிப்பார் என்று கிளி சீட்டெடுத்துக் கொடுக்க, வனத்துறை ஜோசியரைப் பிடித்தது பலருக்கும் நினைவிருக்கும். மூன்றாவது காகம். அமாவாசையன்று சோறு வைத்துக் கூப்பிடுகிறோம், முன்னோர் என்கிறோம். சட்டமோ ஐம்பது வருடங்கள் அதை எலியோடு சேர்த்துத் தொல்லை தரும் உயிரினங்களின் அட்டவணையில் வைத்திருந்தது. 2022இல் வந்த திருத்தம்தான் அந்த அட்டவணையை எடுத்தது. நான்காவது கோழி. மொபெட்டின் கைப்பிடியில் கால் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போகும். அதைப் பார்த்து யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

ஐந்தாவதாக ஒரு பறவை உண்டு. அதை நாம் பார்ப்பதே இல்லை. ஆராய்ச்சிக்கூடத்துப் பறவை. அது மதில்களுக்கு உள்ளே, கம்பிக் கூண்டில், காலில் எண் போட்ட வளையத்தோடு இருக்கிறது. அது எந்தத் தெய்வத்துக்கும் வாகனம் இல்லை. யாரும் அதைக் கூப்பிட்டுச் சோறு வைப்பதில்லை. அந்தப் பறவைக்காக எழுதப்பட்டிருக்கும் விதிகள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதுதான் என் கேள்வி. அவை பறவையைக் காப்பாற்றுகின்றனவா, அல்லது நம்மையா?

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். உயிரியல் படித்தது பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் விதி எழுதுவது என் தொழில்தான். எது உள்ளே வரும், எது வெளியே நிற்கும் என்று இயந்திரத்துக்கு நிபந்தனை போட்டுக் கொடுப்பதுதானே எங்கள் பிழைப்பு. அதனால் சட்டம் படிக்கும்போது என் கண் முதலில் வரையறைப் பகுதிக்குத்தான் போகும். தண்டனை, அபராதம் எல்லாம் பிறகு. வரையறையில் இல்லாதவனுக்கு மற்ற பக்கங்கள் எதுவும் பொருந்தாது.

அமெரிக்காவின் கதை இதற்கு நல்ல உதாரணம். அங்கே ஆய்வகப் பிராணிகளுக்கான சட்டம் 1966இல் வந்தது. முதலில் அது நாய், பூனை, குரங்கு, முயல் போன்ற சிலவற்றைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 1970இல் வெப்ப ரத்தப் பிராணிகள் என்று வட்டம் விரிந்தது. பறவைக்கும் வெப்ப ரத்தம்தான். ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் வேளாண்மைத் துறை எழுதிய விதிகளில் பறவை, எலி, சுண்டெலி மூன்றும் விலக்கப்பட்டன. ஆய்வகங்களில் அதிகம் புழங்குபவற்றில் இவை சேர்த்தி என்பதைக் கவனியுங்கள். 2002இல் அந்த விலக்கு சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டது: ஆராய்ச்சிக்கென்று வளர்க்கப்படும் பறவை ‘பிராணி’ அல்ல. மற்ற பறவைகளுக்கு விதி எழுதுகிறோம் என்று சொன்ன துறை, எழுதாமலே வருடங்களைக் கடத்தியது. விலங்கு நல அமைப்புகள் வழக்குப் போட்டு, நீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகு, 2023 பிப்ரவரியில்தான் பறவைகளுக்கான தர விதிகள் வெளியாயின. அப்போதும் ஆராய்ச்சிக்கென்றே பொரிக்க வைத்த பறவை வெளியேதான் நிற்கிறது. அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கு முதுகெலும்புள்ள எல்லா உயிர்களையும் சேர்க்கும் வேறொரு கொள்கை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சட்டம் என்ற அளவில் நிலைமை இதுதான்: காட்டில் பிடித்து வந்த குருவி பிராணி, பக்கத்துக் கூண்டில் ஆய்வகத்திலேயே பிறந்த குருவி பிராணி இல்லை.

எங்கள் வேலையில் இதை ‘அவுட் ஆஃப் ஸ்கோப்’ என்போம். வாடிக்கையாளர் ஏதாவது கேட்டு, அதைச் செய்ய நேரமோ மனமோ இல்லாதபோது, அது தவறு என்று யாரும் வாதாட மாட்டார்கள். இந்தத் திட்டத்தின் எல்லைக்குள் வராது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், கூட்டம் முடிந்துவிடும். ஒரு உயிரை வதைக்கலாம் என்று சட்டம் எழுத எந்த நாட்டுக்கும் கூசும். அது இந்தச் சட்டத்தில் சொல்லும் உயிர் இல்லை என்று எழுதக் கூசுவதில்லை.

இந்தியாவில் நிலைமை நேர் எதிர். சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்து 1950களில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு சொன்னதன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது. அந்தச் சட்டத்தில் பிராணி என்பதற்கான விளக்கம் ஒரே வரி: மனிதர் தவிர்த்த எந்த உயிருள்ள ஜீவனும். மயில், காகம், பிராய்லர் கோழி, ஆய்வகத்துப் புறா எல்லாம் அந்த ஒரு வரிக்குள் சமம். வரையறை என்ற அளவில் இதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

பக்கத்தைத் திருப்பினால் அபராதம் வருகிறது. வதை செய்தவருக்கு முதல் முறை பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. பரிசோதனை தொடர்பான உத்தரவை மீறினால் இருநூறு ரூபாய் வரை. 1960இன் ரூபாய் அது, இன்றுவரை அப்படியே. அமெரிக்கா பறவையை வாசலிலேயே நிறுத்திவிட்டது. நாம் உள்ளே அழைத்து உட்கார வைத்து, இலை போடவில்லை.

இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் உண்டு. பரிசோதனைகளை மேற்பார்வை செய்யும் குழுவின் கடமைகளைச் சொல்லும் பிரிவில், எலி, முயல், தவளை போன்ற சிறிய பிராணிகளை வைத்தே அதே முடிவை எட்ட முடிந்தால் பெரிய பிராணிகளைத் தவிர்க்க வேண்டும் என்று இருக்கிறது. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், உடல் சிறியதென்றால் வேதனையும் சிறியதா? எடை பார்த்து இரக்கம் காட்டும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. சட்டம் அதை எழுத்தில் வைத்தது, அவ்வளவுதான்.

‘சரி, பறவைக்கு அந்த அளவுக்கு வலி தெரியுமா?’ என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். 2000ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மறக்காது. வேகமாக எடை போடும் பிராய்லர் கோழிகளில் பல, கால் தாங்காமல் நொண்டும். அவற்றின் முன் இரண்டு தீவனம் வைத்தார்கள். ஒன்றில் வலி நிவாரணி கலந்திருந்தது. நொண்டும் கோழிகள், நொண்டாத கோழிகளைவிட அந்தத் தீவனத்தை அதிகம் எடுத்துக்கொண்டன. கால் எவ்வளவு மோசமோ அந்த அளவுக்கு அதிகமாக. கோழி தன் வாயால் சொன்ன சாட்சி என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சாட்சியும் ஒரு பரிசோதனையில் கிடைத்ததுதான். பறவைக்கு வலிக்கும் என்று நமக்கு உறுதியாகத் தெரிந்ததே பறவையைக் கூண்டில் வைத்துப் பார்த்ததால். இந்தச் சிக்கலிலிருந்து சுலபமாக வெளியே வர வழியில்லை என்று நினைக்கிறேன்.

நாம் தின்னும் சோறும் இந்தச் சிக்கலுக்குள்தான் இருக்கிறது. 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வைத்திருந்த கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனது. கொஞ்ச நாளில் தானாகவே சரியானது. விசாரித்தால், இடையில் சில மாதங்கள் ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர் அதைக் கொடுக்க மறுத்துவிட, பழைய அரிசிக்குத் திரும்பிய கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் ஏதோ இருக்கிறது என்பது அப்படித்தான் பிடிபட்டது. பிறகு 1912இல் ஃபங்க் என்பவர் அந்த ‘ஏதோ’வுக்கு வைட்டமின் என்று பெயர் வைத்தார். அவர் சோதித்தது புறாக்களில். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு.

அந்தத் தேடலின் ஒரு கிளை நம் நீலகிரியில் வளர்ந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி விசாரணை தொடங்கியது. அதை நடத்திய ராபர்ட் மெக்காரிசன், தீட்டிய அரிசி மட்டும் போட்ட புறாக்களின் உறுப்புகள் ஒவ்வொன்றாக எப்படிச் சுருங்கின, எவை வீங்கின என்று அறுத்து எடை பார்த்து எழுதினார். அந்த ஒற்றை அறை பிறகு சத்துணவு ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. புழுங்கல் அரிசி ஏன் நல்லது என்பதற்கு நம் வீடுகளில் பழக்கம்தான் பதில். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்ற விஞ்ஞானப் பதிலின் அடியில் கோழிகளும் புறாக்களும் கிடக்கின்றன. அந்தக் காலத்தில் எத்தனை புறா, ஏன் அத்தனை என்று கேட்க இந்தியாவில் ஒரு விதியும் இல்லை. மெக்காரிசனை நான் குறை சொல்லவில்லை. குறை சொல்லும் யோக்கியதை அவருடைய கண்டுபிடிப்பைத் தினமும் மூன்று வேளை தின்பவனுக்கு எங்கிருந்து வரும்?

‘அது மனிதனுக்காக, மனிதன் உயர்ந்தவன்’ என்று ஒருவர் சொல்லிவிடலாம். இன்னொரு கணக்கு அவ்வளவு சுலபமில்லை. எங்கள் ஆயா செங்கம் பக்கத்துக் கிராமத்தில் கோழி வளர்த்தார். பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி. மகன்களைக் கேட்காமல் செலவழிக்க அவரிடம் இருந்த ஒரே காசு முட்டைக் காசுதான். ஒரு வருடம் வெள்ளைக் கழிச்சல் வந்தது. கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றின, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. நான்கு நாளில் கூடை காலி. ஆயா அழவில்லை. ‘போவுது, உடு’ என்றார். ஆனால் அடுத்த கோழி வாங்கும் வரை அவர் கையில் காசில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. அதன் பிறகு கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி முகாம் என்றால் முதல் ஆளாகக் கோழிகளைக் கூடையில் போட்டுக் கவிழ்த்து, மேலே துணி கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

வெள்ளைக் கழிச்சலுக்கு ராணிகேத் நோய் என்று பெயர், 1927இல் இந்தியாவில் அது அடையாளம் காணப்பட்ட மலையூரின் பெயரால். அதற்கான தடுப்பூசி தயாரிக்கும் அரசு நிலையம் எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, ராணிப்பேட்டையில். 1989 வரை இரண்டும் ஒரே வடஆற்காடு மாவட்டம். இந்த வகைத் தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்கும் வழக்கமான முறை உலகம் முழுக்க ஒன்றுதான். ஒரு குழுக் கோழிகளுக்கு ஊசி போடுவார்கள். இன்னொரு குழுவுக்குப் போட மாட்டார்கள். சில வாரம் கழித்து இரண்டு குழுவுக்கும் வீரியமுள்ள கிருமியைக் கொடுப்பார்கள். ஊசி போட்டவை பிழைக்க வேண்டும். போடாதவை நோயில் விழ வேண்டும், சாக வேண்டும். அவை சாகாவிட்டால் சோதனை செல்லாது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல நாள் சுமந்து திரிந்தேன். கட்டுப்பாட்டுக் குழு என்ற வார்த்தையை நாங்களும் பயன்படுத்துகிறோம், ஒரு செயலியின் புதிய பொத்தானைப் பாதிப் பேருக்குக் காட்டி மீதிப் பேருக்குக் காட்டாமல் விடும்போது. எங்கள் கட்டுப்பாட்டுக் குழுவுக்குப் பழைய பொத்தான் கிடைக்கும். இந்தக் கட்டுப்பாட்டுக் குழுவின் வேலை, கழுத்தைத் திருகிக்கொண்டு சாவது. ஆயாவின் கோழிகள் பிழைத்ததற்குக் காரணம், முகம் தெரியாத வேறு கோழிகள் அதே நோயில் செத்தது. இங்கே மனிதன் உயர்ந்தவன் என்ற வாதம் எடுபடாது. தராசின் இரண்டு தட்டிலும் கோழிதான். ஒரு பக்கம் சில, மறுபக்கம் பல லட்சம். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் கணக்கு சரியாக வருவதாலேயே அந்தச் சிலவற்றுக்கு ஒன்றும் கடன்பட்டிருக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா?

தராசு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிபி. சோழர்கள் தங்கள் குலமுன்னோன் என்று சொல்லிக்கொண்ட அரசன். பருந்து துரத்திய புறா அவன் மடியில் விழுகிறது. இந்தக் கதையைச் சின்ன வயதில் இரக்கத்தின் கதையாகக் கேட்டோம். வளர்ந்த பிறகு எனக்கு அதில் பிடித்தது பருந்தின் வாதம். ‘எனக்கும் பசிக்கிறது, என் இரையை நீ பிடுங்கினால் நான் என்ன செய்வேன்?’ என்று அது கேட்கிறது. சிபி அதை அலட்சியப்படுத்தவில்லை. பருந்தின் பசியும் நியாயம், புறாவின் உயிரும் நியாயம் என்று ஏற்றுக்கொண்டு தராசைக் கொண்டுவரச் சொல்கிறான். தட்டில் வைப்பதைத் தன் தொடையிலிருந்து வெட்டி வைக்கிறான். நியாயம் சொல்ல உட்கார்ந்தவன் தன் கையிலிருந்து எதையும் இழக்காமல் எழுந்து போகக் கூடாது என்பதுதான் அந்தக் கதை.

ஆய்வகத் தராசில் இது நடப்பதில்லை. எடை போடுபவர் விஞ்ஞானி, பலன் பெறுபவர் நாம், விலை கொடுப்பது பறவை. விதிகள் இந்த இடத்தில்தான் நுழைகின்றன. அவை பறவையைத் தட்டிலிருந்து இறக்கிவிடுவதில்லை. எடை போடுபவரையும் தன் பங்குக்குக் கொஞ்சம் வைக்கச் சொல்கின்றன.

இந்தியாவில் 1998இல் பரிசோதனைகளுக்கான விதிகள் வந்தன. அதன்படி பிராணிகளை வைத்து ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் மத்தியக் குழுவில் பதிவு செய்ய வேண்டும். தனக்குள் ஒரு நெறிமுறைக் குழு வைக்க வேண்டும். கோழி, பறவைக் கூடங்களுக்கென்று தனி வழிகாட்டி நெறிகளும் உண்டு. ஆய்வு செய்ய விரும்புபவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என் பள்ளித் தோழன் ஒருவன் கால்நடை மருத்துவம் படித்தவன். மேற்படிப்பில் கோழிகளை வைத்து ஆய்வு செய்தபோது அந்தப் படிவத்தை நிரப்பியிருக்கிறான். ‘எத்தனை கோழின்னு எழுதறது ஈஸிடா. ஏன் அத்தனைன்னு எழுதறப்பதான் கை நிக்கும்’ என்றான். எலியில் செய்ய முடியாதா, கணினியில் செய்ய முடியாதா, ஏற்கெனவே யாராவது செய்துவிட்டார்களா, வலி வந்தால் என்ன மருந்து, எந்தக் கட்டத்தில் நிறுத்துவாய், முடிந்த பிறகு அந்தப் பிராணியை என்ன செய்வாய். முதலில் கைக்கு வந்த ஒரு எண்ணைப் போட்டிருக்கிறான். புள்ளியியல் தெரிந்தவரிடம் போய் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு அது குறைந்தது. ‘கொறஞ்ச கோழிங்க என்ன ஆச்சு?’ என்று கேட்டேன். ‘ஒண்ணும் ஆகல. அவ்ளோதான் விஷயமே’ என்றான்.

குறை, மாற்று, மென்மையாக்கு. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் எழுதிவைத்த மூன்று கொள்கைகள் இவை. இந்தியா நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது: மறுவாழ்வு. ஆய்வு முடிந்த பிறகு பிராணியைப் பராமரிக்கும் செலவும் ஆய்வின் செலவில் சேர வேண்டும் என்பது அதன் பொருள். சிபியின் தொடையிலிருந்து ஒரு சிறு துண்டு என்று இதைச் சொல்வேன். படிவம் நிரப்பும் நேரம், குறைக்கப்பட்ட எண்ணிக்கையால் வரும் கூடுதல் யோசனை, ஓய்வு பெற்ற பிராணியின் தீவனக் காசு. பறவை கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் பூஜ்யம் இல்லை.

இதற்கு வரும் மறுப்புகள் மூன்று. முதலாவதை பெங்களூரில் சக ஊழியர் ஒருவர் மதியச் சாப்பாட்டில், சிக்கன் பிரியாணி டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார். ‘நாமக்கல்ல போய் பாருங்க. கோடிக்கணக்கான கோழி ஏ4 பேப்பர விட சின்ன எடத்துல நிக்குது. நீங்க லேப்ல இருக்கற நூறு கோழிக்குப் படிவம் கேக்கறீங்க.’ உண்மைதான். முட்டைக் கோழிகளின் கூண்டு பற்றி மத்தியச் சட்ட ஆணையமே 2017இல் தன் 269ஆவது அறிக்கையில் விரிவாகப் பேசியிருக்கிறது. ஆனால் இந்த வாதம் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க வேண்டும். நாமக்கல்லில் கேட்கவில்லை என்பதால் ஆய்வகத்திலும் கேட்காதே என்றா, ஆய்வகத்தில் கேட்கிறோமே, நாமக்கல்லில் ஏன் கேட்கவில்லை என்றா? ஒரு தெருவில் விளக்கு எரிகிறது என்றால் அடுத்த தெருக்காரர் தனக்கும் கேட்பாரே தவிர, எரிவதை அணைக்கச் சொல்ல மாட்டார்.

இரண்டாவது மறுப்பு, இதெல்லாம் காகிதச் சடங்கு என்பது. இதற்கு நான் பாதி தலையாட்டுவேன். எங்கள் துறையில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். பார்க்காமலேயே ‘எல்ஜிடிஎம்’ என்று நான்கு எழுத்து போட்டு அனுப்புகிறவர்கள் ஏராளம். நெறிமுறைக் குழுக்களிலும் அப்படி நடக்காது என்று யார் உத்தரவாதம் தர முடியும்? எப்போதுமே ‘வேண்டாம்’ என்று சொல்லாத குழு வெறும் ரப்பர் முத்திரை. ஆனாலும், மற்றவர் படிப்பார் என்று தெரிந்தாலே நிரல் எழுதுபவர் கொஞ்சம் ஒழுங்காக எழுதுவார் என்பதும் எங்கள் எல்லோருடைய அனுபவம். என் தோழனின் எண்ணிக்கை குழுவின் முன் போவதற்கு முன்பே குறைந்துவிட்டது.

மூன்றாவதுதான் கனமானது. விதிகள் தவறை ஒழுங்குபடுத்தி, அதன் மூலம் அதைச் சரியாக்கிவிடுகின்றன. கூண்டைப் பெரிதாக்கினால் கூண்டு நியாயமாகிவிடுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. படிவம் நிரப்பிவிட்டதால் கட்டுப்பாட்டுக் குழுவின் கோழிக்கு நடப்பது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊசியை மறுத்து ஆயாவின் கூடையைக் காலியாக விடவும் எனக்கு மனம் வராது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவனுக்கு விதி ஒரு கடன் சீட்டு மாதிரி. கடன் தீர்ந்தது என்று அதில் எழுதியிருப்பதில்லை, இன்னும் இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கும். சீட்டு கையில் இருப்பதால்தான் அடைக்கும் வழியைத் தேடுகிறோம். ஐரோப்பாவில், செயலிழக்கச் செய்த கிருமியால் ஆன ராணிகேத் தடுப்பூசிக்கு, கோழிகளை நோயில் விழவைக்காமல் அவற்றின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை அளந்தே திறனைச் சோதிக்க இன்று அனுமதி இருக்கிறது. ‘மாற்று உண்டா?’ என்ற கேள்வியைப் படிவத்தில் திரும்பத் திரும்பக் கேட்காமல் இருந்தால், அந்த வழியைத் தேட யாருக்கு அவசரம் வந்திருக்கும்?

விதி எங்கேயாவது கோடு போட வேண்டும், போடும் எந்தக் கோடும் கொஞ்சம் அபத்தமாகத்தான் இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கோழிக்குஞ்சு பொரிய 21 நாள். பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் அடைகாப்பின் கடைசி மூன்றில் ஒரு பங்கிலிருந்து கருவைப் பாதுகாக்கிறது. அதாவது 14ஆம் நாளில் முட்டைக்குள் ஒரு பறவை தொடங்குகிறது. அமெரிக்க அரசு நிதி பெறும் ஆய்வுகளின் கொள்கைப்படி ஓடு உடைந்தால்தான் பறவை. ராணிகேத் தடுப்பூசிக் கிருமியை வளர்ப்பது ஏறக்குறைய 10 நாள் கருமுட்டையில். இரண்டு கோட்டுக்கும் அது வெளியே. 13ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் நடுவில் கருவுக்குள் அப்படி என்ன மாறியது என்று கேட்டால் யாராலும் திருப்தியாகச் சொல்ல முடியாது. ஆனால் கோடே இல்லாவிட்டால் எல்லாமே வெளியே போய்விடும் என்பதை அமெரிக்கப் பறவைகளின் ஐம்பது வருடம் காட்டுகிறது.

ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள் அங்குள்ள சிறு சமாதிகளைப் பார்த்திருப்பார்கள். லட்சுமி என்ற பசு, வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய். பக்கத்திலேயே ஒரு காகம். மற்றவற்றுக்குப் பெயர் உண்டு, காகத்துக்கு இல்லை. இரக்கம் பொதுவாகப் பெயரையும் முகத்தையும் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யும். லட்சுமியை நேசிப்பது சுலபம். நம் வீட்டு நாய்க்காக அழுவோம், பக்கத்துத் தெரு நாய்க்கு ‘ச்சூ’ என்போம். பெயரில்லாத ஒரு காகத்துக்கும் அதே இடத்தில் ஒரு சமாதி வைத்ததுதான் அந்த ஆசிரமத்தில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் எல்லா ஊரிலும் ஒரு ரமணர் இருக்க மாட்டார். அவர் இல்லாத இடத்தில், பெயரில்லாத பறவையின் பக்கம் கொஞ்சமாவது போய்ச் சேரும் இரக்கம், என் அறிவுக்கு எட்டியவரை, விதி ஒன்றுதான். அது களைத்துப் போகாது, முகம் பார்க்காது. திங்கட்கிழமை காலை மனநிலை சரியில்லாத ஆராய்ச்சியாளரிடமும் அதே கேள்வியைக் கேட்கும்.

தமிழில் எண்ணுதல் என்றால் கணக்கிடுவது. எண்ணுதல் என்றால் நினைத்துப் பார்ப்பதும்தான். ஒரு படிவத்தில் ‘எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் 40 என்று எழுதும்போது முதல் எண்ணுதல் நடக்கிறது. ‘ஏன் 40?’ என்ற அடுத்த கட்டத்தில் இரண்டாவது நடக்க வேண்டும். விதிகளால் முதலாவதைக் கட்டாயப்படுத்த முடியும். இரண்டாவதற்கு இடம் ஒதுக்கிக் கொடுக்க மட்டுமே முடியும்.

அந்த இடத்தில் யார் உட்காருவது என்பதையும் விதியே சொல்லியிருக்கிறது. நெறிமுறைக் குழுவில் விஞ்ஞானிகளும் கால்நடை மருத்துவரும் மட்டுமல்ல, விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஓர் உறுப்பினரும் இருக்க வேண்டும். இந்த வரியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விஞ்ஞானம் தெரியாதவர் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று விஞ்ஞானிகளின் குழுவுக்கான விதியே கேட்கிறது. பள்ளி ஆசிரியர், வக்கீல், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், யாராகவும் இருக்கலாம். அவரால் சோதனையின் நுட்பத்தைச் சரிபார்க்க முடியாது. ‘இந்தக் கோழிக்கு வலிக்குமா? இத்தனை கோழி வேணுமா? வலிச்சா எப்ப நிறுத்துவீங்க?’ என்று கேட்கலாம். கேட்டுவிட்டு, பதில் புரியும்வரை கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருக்கலாம்.

நம் ஊர்களில் கோயில் அறங்காவலர் பதவிக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவிக்கும் போட்டி நடக்கிறது. இந்த நாற்காலி இருப்பதே பலருக்குத் தெரியாது. கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் நிறைந்த மாநிலம் இது. அங்கெல்லாம் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது ‘ஏன்?’ என்று கேட்டார்கள் என்று நாம் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த முறை யாராவது நம்மையே கூப்பிட்டால், நமக்கு உயிரியல் தெரியாதே என்று ஒதுங்காமல் போய் உட்காரலாம்.